அரை மாத்திரை அப்பா

ஜூன் 3, திங்கள்

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். டாக்டர் ஷாஹிதாவால் வந்த வினை இது. "எப்போ நல்லா நடக்கிறார், எப்போ கட்டிப்போட்ட மாதிரி நின்னுடறார், கை எப்போ நடுங்குது, எல்லாத்தையும் தினமும் குறிச்சுட்டு வாங்க தீனதயாளன்" என்றார். எக்செல் ஷீட் போட்டுவிட்டேன். மாத்திரை நேரம், நடை, நடுக்கம், தூக்கம். இவற்றில் அடங்காததை எங்கே போடுவது? அதற்கு இந்த நோட்டு.

அடிப்படைத் தகவல். அப்பா பெயர் ஏகாம்பரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது பார்க்கின்சன், கூடவே சர்க்கரை. அம்மா ஜனவரியில் போய்விட்டாள். அக்கா பவானிக்கு ஆவடியில் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும் இருக்கிறார்கள். எனக்கு யாரும் இல்லை. ஆகவே நான்தான் என்று முடிவானது. பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தேன். லிஃப்ட் கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. எங்கே உட்கார்ந்தும் எழுதலாம். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

ஷீட்டில் அடங்காத விஷயம் இது. அப்பா என்னிடம் நேராகப் பேச மாட்டார். சண்டை ஒன்றும் கிடையாது, ஆதியிலிருந்தே அப்படித்தான். அவர் பேச்சு அம்மா வழியாக எனக்கு வரும், என் பேச்சு அம்மா வழியாக அவருக்குப் போகும். "அவன சாப்புடச் சொல்லு." "டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லும்மா." மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு. இப்போது அம்மா இல்லை, அப்பா வழியை மாற்றவில்லை. இன்று காலை சமையலறைப் பக்கம் பார்த்து, "பால் பொங்குதுனு சொல்லு" என்றார். சமையலறையில் யாரும் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். கீழிருந்து குடம் தூக்கினேன். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன், அசையாமல் இருந்தார். அவருக்கு முகத்தில் ஒரு உணர்ச்சியும் வராது. நோயால் முகத் தசை இறுகிவிடும் என்று படித்தேன். நோய் வருவதற்கு முன்பும் இதே முகம்தான் என்பதால் ஒப்பிட முடியவில்லை.

சாயந்திரம் எதிரெதிரே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம். "உப்பு கம்மினு சொல்லு" என்றார் பாத்திரத்திடம்.

ஜூன் 14, வெள்ளி

என் பிறந்தநாள். வங்கி வாழ்த்து அனுப்பியது. பல் டாக்டர் கிளினிக் அனுப்பியது. அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டாள், பின்னால் குக்கர் விசில். துணி காயவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

புது மாத்திரை. டாக்டர் விளக்கினார்: "இது மூளையில சுரக்கிற டோபமைன் மாதிரியே நடிக்கிற மருந்து. கை கால் நல்லா இளகும். ஆனா சிலருக்கு ஒரு சிக்கல் வரும். ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டாங்க. சீட்டாட்டம், சாப்பாடு, கடை கடையா பொருள் வாங்கறது, எதுவா வேணா இருக்கலாம். அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லணும். நீங்களா கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது."

"இவர் மனுஷங்களையே பிடிச்சுக்க மாட்டார் டாக்டர், பொருளையா பிடிக்கப் போறார்?" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பா சுவரிலிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி அளவைப் படிப்படியாகக் கூட்டியாகிவிட்டது. இன்று சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். எக்செல்லில் பச்சைக் கட்டங்கள் கூடுகின்றன. மருந்து வேலை செய்கிறது. இப்படி ஒழுங்காக வேலை செய்கிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கும்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் நான் லேப்டாப்பில் இருந்தேன்.

"டேய். லாஃப்ட்ல கேரம் போர்டு கீது, எறக்கு."

நான் திரும்பிச் சமையலறையைப் பார்த்தேன். பழக்கம்.

"அங்க இன்னா பாக்குற? உன்னத்தான்."

ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய தார்ப்பாயில் சுற்றி, நிஜமாகவே ஒரு போர்டு. இருபத்தெட்டு வருடம் இந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தும் எனக்குத் தெரியாது. "ஹார்பர்ல ஆடுவோம், நானும் ஃபோர்மேன் டிசில்வாவும். கல்யாணம் ஆனதும் உங்கம்மா மேல ஏத்திட்டா. வூட்டுக்கு வந்தும் டொக்கு டொக்குனு அடிச்சா எனக்கு மண்ட வலிக்கும்னா" என்றார். இவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

தரையில் பாய் போட்டு உட்கார்ந்தோம். பவுடர் இல்லை, என் முகப்பவுடரைத் தூவினோம். முதல் அடியிலேயே இரண்டு காய் போட்டார். அந்தக் கை போன மாதம் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடிய கை.

"இன்னாடா இது, லிஃப்டுல பட்டன் அமுக்குற மாதிரி அமுக்குற? சுண்டு. காய்க்கு வலிக்காது."

"சுண்டிட்டுதான் இருக்கேன்."

"இதுவா? இதுக்கு எறும்பு வந்து தள்ளினு போயிரும். தே, செவப்புக் காய், ரெட்டப் போட்டுட்ட. ஃபாலோ எங்க? ரெட்டப் போட்டா அடுத்த அடில இன்னொரு காய் போட்டாவணும் தீனா. போடலனா அது திரும்பி வந்து நடுவுல குந்திக்கும்."

தீனா என்றார்.

மதியம் வரை ஆடினோம். எல்லா ஆட்டத்திலும் தோற்றேன்.

ஜூலை 8, திங்கள்

போரிக் பவுடர் வாங்கினேன். புது ஸ்ட்ரைக்கர் ஒன்றும்.

ஜூலை 13, சனி

ஆட்டம் இப்போது காலை காபியிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பா பேசுகிறார். ஆடும்போது மட்டும்தான், ஆனால் பேசுகிறார். கிரேன் கூண்டில் உட்கார்ந்தால் கப்பலுக்குள் இருப்பவன் சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியுமாம். எனக்கு அம்மை போட்டிருந்தபோது கூண்டிலிருந்து இறங்கவே பயந்தாராம், வீட்டிலிருந்து என்ன செய்தி வந்திருக்குமோ என்று. "அப்ப ஏன் வந்து பாக்கல?" என்று கேட்டேன். "வந்து நின்னேன். நீ தூங்கினுருந்த. ஆட்றா, உன் கை" என்றார்.

மேல்வீட்டு ரோசலின் ஆன்ட்டி படியில் நிறுத்தினார். "இன்னாப்பா, காலங்காத்தால சுத்தியல் வேலையா? என் பொண்ணுக்கு பரீட்ச."

"கேரம் ஆன்ட்டி. அப்பாகூட."

"உங்கப்பாவா? ஏகாம்பரமா? ஆடுறாரா?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். "சரி ஆடு ஆடு. பஞ்சு வச்சுக்கறேன்."

ஜூலை 20, சனி

உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

மூளையின் நடுவில் ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி. அதில் ஒரு பக்கம் கை கால் அசைவுக்கு. இன்னொரு பக்கம் "இது நல்லாருக்கு, இன்னும் வேணும்" என்பதற்கு. இரண்டுக்கும் டோபமைன்தான் தண்ணீர். பார்க்கின்சனில் அசைவுப் பக்கம் முதலில் காய்ந்துபோகிறது, ஆசைப் பக்கத்தில் ஓரளவு ஈரம் மிச்சமிருக்கிறது. மாத்திரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் பில்டிங் கதைதான். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்று மோட்டாரில் அழுத்தத்தைக் கூட்டினால், கீழ்வீட்டில் குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கும்.

இன்னொரு பரிசோதனை. ஒரு எலி, ஒரு நெம்புகோல். அழுத்தும்போதெல்லாம் தீனி வந்தால், வயிறு நிறைந்ததும் எலி போய்ப் படுத்துக்கொள்ளும். சில அழுத்தலுக்கு வந்து சில அழுத்தலுக்கு வராவிட்டால் எலி நகராது. அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று அழுத்திக்கொண்டே இருக்கும். டோபமைன் தீனிக்காகச் சுரப்பதைவிட, வந்தாலும் வரலாம் என்பதற்காக அதிகம் சுரக்கிறது.

அப்பாவுக்குத் தீனி எது என்பது தெளிவு. காய் குழியில் விழுகிற சத்தம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? ஒரு மனிதர் கேரம் ஆடுகிறார். அவ்வளவுதான். முடிவெடுக்க டேட்டா போதாது.

நேற்று டீம் மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுந்து போனேன். அப்பா கூப்பிட்டார். சில ஆட்டங்களில் வாயைத் திறக்க மாட்டார், திடீரென்று ஒன்றில் ஏதாவது சொல்வார். எந்த ஆட்டத்தில் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் எதையும் விட முடியவில்லை. கண்காணிக்க ஒருவர் வேண்டும் அல்லவா.

ஜூலை 26, வெள்ளி

ரிவ்யூ. டாக்டர் அப்பாவின் நடையைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு என்னிடம் கேள்விகள்.

"ஒரே விஷயத்துல நேரம் போறது தெரியாம இருக்காரா?"

"இல்ல."

"நிறுத்தச் சொன்னா எரிச்சல்?"

"இல்ல."

"அதுக்காகச் சாப்பாடு, தூக்கம், மத்த வேலை எல்லாம் தள்ளிப்போகுதா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது மறைக்கிறாரா?"

"அப்பா எதையும் மறைக்கிறதில்ல டாக்டர்" என்றேன். இது உண்மை.

"வீட்ல பொழுது எப்படிப் போகுது சார்?" என்று அப்பாவிடமே கேட்டார். நான் எழுந்து ஃபைலை எடுத்துக்கொண்டேன்.

"பையன்கூட ஆடுவேன்."

"ரொம்ப நல்லது. பையனோட இருக்கிறதே பாதி மருந்து" என்று எழுதிக்கொண்டார்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அப்பா தொடைமேல் விரலைச் சுண்டிக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மேனேஜரிடமிருந்து மெயில். இந்த மாதமும் வேலை முடியாவிட்டால் பேச வேண்டியிருக்குமாம். பேசட்டும்.

அப்பாவின் நடுவிரல் நகம் பிளந்திருக்கிறது. பிளாஸ்டர் ஒட்டினேன். ஒட்டிய கையோடு ஆடினார். சோறு ஆறிவிட்டது. பிறகு நான் அதைக் கொட்டினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிளாஸ்டர் நிற்கவில்லை. பவுடர் காயத்துக்குள் போகிறது. "ஒருநாள் லீவு வுடலாம்பா" என்றேன். போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உனக்கு வோணான்னா போ. நான் ரெண்டு பக்கமும் ஆடிக்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். என்ன செய்வது, தனியாக ஆட விட முடியுமா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பவானி வந்தாள். சொல்லாமல் வந்தாள். கையில் மீன் குழம்பு டப்பா.

"ப்பா, வந்துருக்கேன்."

"குந்து பவானி. இந்த ஆட்டம் முடியட்டும்."

குந்தினாள். அந்த ஆட்டம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்தது. அவள் பார்வை போர்டிலிருந்து அப்பாவின் கழுத்துக்குப் போனது, அங்கிருந்து விரலுக்கு, விரலிலிருந்து எனக்கு.

"டேய், அந்தாளு எளச்சு துரும்பா கீறாரு. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மருந்துனால பசி கம்மி. நார்மல்."

"விரலு?"

"சின்னக் காயம்."

அவள் எழுந்து வந்து காய்களை இரண்டு கையாலும் வாரி மடியில் கட்டிக்கொண்டாள். அப்பா கத்தினார். அது வார்த்தை இல்லை, வெறும் சத்தம். கையை ஓங்கிவிட்டார். அவளை ஒருநாளும் ஒரு வார்த்தை திட்டியதில்லை அவர். பவானி நகரவில்லை. ஓங்கிய கையைப் பிடித்து, பிளாஸ்டரைப் பிரித்தாள். நாற்றம் எனக்கும் வந்தது.

"இதுவா சின்னக் காயம்? சுகர் இருக்குற ஆளுடா!" அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "அவருக்கு மாத்திர அப்டிப் பண்ணுது. உனக்கு இன்னாடா கேடு?"

அவள் டெக்னிக்கல் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆஸ்பத்திரி. விரல் நுனியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சர்ஜன்.

டாக்டர் ஷாஹிதா வந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி ஆடுறார்?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"போன தடவை கேட்டேனே."

"கேட்டீங்க."

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். திட்டியிருக்கலாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், சட்டென்று நிறுத்தினால் வேறு கோளாறு வரும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

குறைத்துக்கொண்டு வருகிறோம். அப்பா வியர்க்கிறார், ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறார். நடையும் சுருங்கி வருகிறது. போர்டைக் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பதுகூட இல்லை. என்னையும்தான்.

பேச்சுக் கொடுத்தேன். கிரேன் கூண்டைப் பற்றிக் கேட்டேன். டிசில்வாவைப் பற்றிக் கேட்டேன். சுவரைக் கேட்ட மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

"ஜன்னல சாத்தச் சொல்லு" என்றார். சமையலறைப் பக்கம் பார்த்து.

சாத்தினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பழைய ஸ்ட்ரிப் ஒன்றில் மாத்திரை மிச்சமிருக்கிறது. அட்டவணைப்படி இப்போது மிகக் குறைந்த அளவில் இருக்கிறோம். அதற்கு மேல் அரை கொடுத்தால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. ஒரு தடவை. விரல் ஆறி வருகிறது. ஆட்டம் கிடையாது, பேச்சு மட்டும். கட்டுப்பாடான பரிசோதனை.

காலை பத்து மணிக்கு அரை கொடுத்தேன். மதியம் சோறு போடும்போது, "டேய் தீனா, இன்னா கொழம்பு இது, புளிக்கு உங்கப்பன் சொத்தா போச்சு?" என்றார்.

சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன். பிறகு போர்டை எடுத்தேன். கட்டுப்போட்ட கை வேண்டாம், இடது கையால் ஆடுங்கள் என்று நிபந்தனை போட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்னும் ஒரு அரை.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று கிடையாது என்று எழுந்ததும் முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போதும் அதே முடிவுதான். குளித்துவிட்டு வந்து கொடுத்துவிட்டேன்.

பவானி போனில் கேட்டாள். "எப்டி கீறாரு?" "பரவால்ல. பேசுறார்." "மாத்திர கொறச்சப்புறமும் பேசுறாரா?" "ம்." "நெஜமாவா? கடவுளே" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஸ்ட்ரிப்பை என் சட்டைப் பாக்கெட்டில் வைத்திருப்பேன். குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த இறுகிய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"தீனா. வாடா கண்ணு. வா."

கண்ணு என்றார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பார்வை என் முகத்துக்கு வரவில்லை, கொஞ்சம் கீழே நின்றிருந்தது.

எழுந்து, ஸ்ட்ரிப்பைச் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றினேன். அவர் கண் கூடவே இறங்கியது.

ஸ்ட்ரிப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். அறையின் மறுகோடிக்குப் போய் நின்று, "ப்பா" என்றேன். திரும்பவில்லை. "ப்பா, நான் இங்க இருக்கேன்." மேசையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்திருக்கிறேன். நாள்பட்டால் டோபமைன் தீனிக்குச் சுரப்பதை விட்டுவிட்டு, தீனி வரப்போகிறது என்று காட்டுகிற அடையாளத்துக்கே சுரக்கும். தீனிக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்து பழகினால், விளக்கு எரிந்தாலே எலி துள்ளும். இத்தனை நாளும் நான் அந்த விளக்கு.

"தீனா, குட்றா. அரதானே. உன் கால்ல வுழறேன்" என்றார்.

கொடுக்கவில்லை. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அத்தனையும் என் பெயர்.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டரிடம் போய் ஸ்ட்ரிப்பை மேசையில் வைத்தேன். சொன்னேன்.

"அவர் கேட்டாரா?"

"முதல்ல கேக்கல. நானா கொடுத்தேன்."

"ஏன்?"

"பேசுவாரேன்னு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்குப் பேச வேற யாராவது இருக்காங்களா?"

"இது அப்பாவோட ட்ரீட்மென்ட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி."

"ஆமா, சம்பந்தமில்லாததுதான்" என்றார். ஆனால் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. காத்திருந்தார். வெளியே அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"இல்ல" என்றேன்.

வாரம் ஒருமுறை நோயாளிகளின் வீட்டு ஆட்கள் கூடிப் பேசுவார்களாம். வரச் சொன்னார். நான் பேசுகிற ஆள் இல்லை என்றேன். "வந்து சும்மா உட்காருங்க. அப்பாகிட்டேயிருந்து கத்துக்கிட்டிருப்பீங்களே" என்றார். ஸ்ட்ரிப்பை டிராயரில் போட்டுப் பூட்டினார். பேசி முடிக்கும்வரை என் கண் அந்த டிராயரில்தான் இருந்தது. ஆட்டோவில் வரும்போதுதான் அது உறைத்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். போர்டை ரோசலின் ஆன்ட்டியின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். மதியம் மேலேயிருந்து டொக்கு டொக்கு என்று சத்தம். அப்பா விட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை எடுத்துக்கொண்டோம்.

பவானியிடம் அரை மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "என்னாண்டயும் அவரு பேசினதில்லடா. நான் பொம்பளப் புள்ள, பழகிட்டேன்" என்றாள்.

எனக்கு இது தெரியாது. அவளிடம் பேசுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வியர்வையும் அலைச்சலும் நின்றுவிட்டன. ஆனால் நடை மோசம். வாசற்படி, குறுகிய இடம், கூட்டம், எங்கே போனாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசவில்லை. அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார்: தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள், காலுக்கு முன்னால் தாண்டுவதற்கு ஏதாவது வையுங்கள். தரையில் ஒரு கோடு போதும். எதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் காலையே குறுக்கே வையுங்கள்.

காரணம் இருக்கிறது. தானாகக் கிளம்புகிற அசைவு போகிற பாதை பழுது. கண்ணால் ஒன்றைப் பார்த்துத் தாண்டுவது மூளையில் வேறு பாதை வழியாகப் போகிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது. டோபமைன் வேண்டியதில்லை.

வீட்டுத் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். தாண்டுகிறார். தாண்டிவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் அப்பாவைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். படி இறங்கிவிட்டார். கேட்டில் மாட்டிக்கொண்டோம். குறுகலான வழி, தரையில் குறுக்கே மண்ணேறிச் சரியாகத் தெரியாத ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது, அதற்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் தண்ணீர்க் குடத்தோடு ரோசலின் ஆன்ட்டி. அவருக்குப் பின்னால் சிலிண்டர் தள்ளிக்கொண்டு ஒருவர்.

"இன்னாப்பா ரெண்டு பேரும், ஃபோட்டோக்கு போஸ் குடுக்குறீங்களா?"

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி."

பாக்கெட்டில் டேப் இல்லை. என் வலது காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். அப்பா குனிந்து அதைப் பார்த்தார். அசையவில்லை. சிலிண்டர்காரர் உச்சுக்கொட்டினார். கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று என் தோள்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரோசலின் ஆன்ட்டி குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"காலு எட்றா. மெறிச்சிடுவேன்."

தேய்ந்துபோன, தட்டையான குரல். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, 'சொல்லு'வும் இல்லை. கண் என் காலிலேயே இருந்தது. அவரைச் சுற்றி நான் மட்டும்தான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"மெறி" என்றேன்.

மிதித்தார். செருப்போடு, முழு எடையையும் போட்டு. அடுத்த கால் பட்டையைத் தாண்டி வெளியே விழுந்தது.

டீக்கடையில் வேறு எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. அக்கா ஐஸ் வைக்கச் சொன்னாள். வைக்கவில்லை.